மேட்டுச் செம்மண் கொல்லையில் வெள்ளாமை வைப்பது எப்படி

பாலக்கோட்டுக்குப் பக்கத்தில், சாலையை விட்டு ஏறினால் வரும் மேட்டில் எங்களுக்கு நான்கு ஏக்கர் கொல்லை இருக்கிறது. கிணறு ஒன்று உண்டு, ஆனால் சித்திரையில் அதில் குடம் முங்காது. மற்றபடி வானம் பார்த்த பூமிதான். கல்யாணமாகி வந்ததிலிருந்து 24 வருடமாக இந்த மண்ணோடு இருக்கிறேன். இப்போது எங்கள் பக்கத்தில் நிறையப் பிள்ளைகள் பெங்களூரு, ஓசூர் வேலையை விட்டுவிட்டு அப்பா நிலத்துக்குத் திரும்பி வருகிறார்கள். வந்தவுடன் கேட்பது ஒரே கேள்வி: "இந்த மண்ணுல என்னக்கா வரும்?" பதம் பார்த்துக் கை வைத்தால் கல்லக்காயிலிருந்து (நிலக்கடலையைத்தான் அப்படிச் சொல்வோம்) மாங்காய் வரை எல்லாம் வரும். பதம் தவறினால் கொள்ளுகூட வராது. அந்தப் பதத்தைப் பற்றித்தான் இதில் எழுதப்போகிறேன்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மேடுகளில் இருப்பது பெரும்பாலும் பாறை மக்கி உண்டான செம்மண். மணல், வண்டல், களி மூன்றும் கலந்தது. புத்தகம் படித்தவர்கள் இருமண்பாடு என்பார்கள், நாங்கள் செம்மண் கொல்லை என்றுதான் சொல்வோம். சிவப்பு நிறம் இரும்புத் துருவால் வருவது. அந்தச் சிவப்பைப் பார்த்துச் சத்துள்ள மண் என்று நினைத்துவிட வேண்டாம். நிறம் சொல்வது ஒன்றுதான்: இங்கே தண்ணீர் தேங்கி நிற்பதில்லை, காற்று உள்ளே போய் வருகிறது. குழி வெட்டும்போது அடியில் சாம்பலும் மஞ்சளுமாகத் திட்டுத் திட்டாகத் தெரிந்தால் அந்த இடத்தில் மழைக்காலத்தில் நீர் நிற்கிறது என்று அர்த்தம். அங்கே கடலை போடாதீர்கள், காய் அழுகும்.

சரி, முதலில் குழி வெட்டுங்கள். நிலம் வாங்குகிறவர்களும் கிரயம் பேசுவதற்கு முன்னால் இதைச் செய்துவிட வேண்டும். இரண்டடி அகலம், மூன்றடி ஆழம், மேட்டில் ஒன்று, நடுவில் ஒன்று, பள்ளத்தில் ஒன்று. எங்கள் கொல்லை நடுவில் மேலே முக்காலடிக்குப் பொலபொலவென்ற மண். அதற்குக் கீழே ஓரடிக்கு இன்னும் சிவப்பாக, பிசுபிசுப்பாக, களி ஏறிய மண். பல நூறு வருட மழை மேலிருந்த களியைக் கரைத்துக் கீழே இறக்கி வைத்த அடுக்கு அது. அதற்கும் கீழே சரளை, பிறகு மக்கிய பாறை. மேட்டுக் குழியில் முக்காலடியிலேயே சரளை வந்துவிட்டது. பள்ளத்தில் மூன்றடி வரை நல்ல மண். ஒரே கொல்லைதான், ஆனால் மூன்று நிலம். மேட்டில் சாமையும் கொள்ளும், நடுவில் கல்லக்காயும் கேழ்வரகும், பள்ளத்தில் மா என்று நாங்கள் பிரித்தது அந்தக் குழிகளைப் பார்த்துத்தான்.

குழி மண்ணில் ஒரு பிடி எடுத்து, கல் பொறுக்கிவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டுச் சப்பாத்தி மாவு போலப் பிசையுங்கள். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து நாடா போல நீட்டுங்கள். நீளவே நீளாமல் உதிர்ந்தால் மணல் அதிகம். ஒன்றிலிருந்து இரண்டு அங்குலம் நீண்டு ஒடிந்தால் களி கலந்த இருமண்பாடு. இரண்டு அங்குலத்தைத் தாண்டி நீண்டுகொண்டே போனால் களிமண். இன்னும் தெளிவாக வேண்டுமென்றால் ஒரு லிட்டர் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மேலே தண்ணீர், ஒரு சிட்டிகை துணி துவைக்கும் தூள் போட்டு நன்றாகக் குலுக்கி வைத்துவிடுங்கள். மணல் ஒரு நிமிடத்தில் அடியில் உட்கார்ந்துவிடும். வண்டல் படிய இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். களி ஒரு நாள், சில நேரம் இரண்டு நாள் மிதக்கும். எங்கள் மண் பாட்டிலில் படிந்ததைப் பத்துப் பங்காக வைத்துப் பார்த்தால் ஆறு பங்கு மணல், ஒன்றரை வண்டல், இரண்டரை களி. தண்ணீரைச் சட்டென்று உள்ளே வாங்கிக்கொள்ளும், ஆனால் நெடுநாள் பிடித்து வைக்காது. இந்த மண்ணின் குணம் முழுக்க அந்தப் பாட்டிலில் தெரிந்துவிடும்.

ஆய்வுக்கூடத்துக்கும் மண் அனுப்புங்கள். அறுவடை முடிந்து, எரு கொட்டுவதற்கு முன்னால் எடுக்க வேண்டும். வரப்பு ஓரம், எருக்குழி, மர நிழல் இவற்றை விட்டுவிட்டு, பத்துப் பதினைந்து இடத்தில் மேல் குப்பையைத் தள்ளி, 'வி' வடிவில் அரையடி ஆழம் வெட்டி, அந்தக் குழியின் ஓரத்தை மேலிருந்து கீழாகச் சீவி எடுங்கள். எல்லாவற்றையும் கலந்து நான்காகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கை ஒதுக்கி, மறுபடி கலந்து பிரித்து, அரைக் கிலோவுக்குக் கொண்டுவந்து நிழலில் உலர்த்தித் துணிப்பையில் போட்டுக் கொடுங்கள். உரச் சாக்கில் மட்டும் வைக்கக் கூடாது, முடிவு தப்பாக வரும். தருமபுரி மாவட்டத்தில் இருப்பவர்கள் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்கலாம். மண்வள அட்டை 2015-லிருந்து கொடுக்கிறார்கள். அதில் பன்னிரண்டு அளவு இருக்கும். நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது கரிமச்சத்து, அதாவது எரு, இலை தழை மக்கி மண்ணில் சேர்ந்த சத்து. 0.5 சதவீதத்துக்குக் கீழே என்றால் குறைவு, 0.75-க்கு மேல் என்றால் நிறைவு. மேட்டுச் செம்மண்ணில் அநேகமாகக் குறைவு என்றே வரும். தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) குறைவாக, சாம்பல் சத்து (பொட்டாஷ்) ஓரளவு இருப்பதாக, துத்தநாகம் போதாததாகக் காட்டும். துத்தநாகம் குறைவு என்றால் ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை 20 கிலோ மணலில் கலந்து விதைப்புக்கு முன் தூவினால் போதும். அதைச் சூப்பர் பாஸ்பேட்டோடு கலந்து போடாதீர்கள், இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும்.

உழவு

இந்த மண்ணைக் கெடுப்பதும் காப்பாற்றுவதும் உழவுதான். இதை எழுதும்போது எனக்கு ஒரு வருடம் ஞாபகத்துக்கு வருகிறது. ஆனி மாதக் கடைசியில் நல்ல மழை. டிராக்டர் ஓட்ட வந்த பையன், "ரெண்டு ஓட்டு ரோட்டவேட்டர் விட்டா மாவாயிடும்க்கா" என்றான். பார்க்கவும் அழகாகத்தான் இருந்தது, மைதா கொட்டியது போல. கல்லக்காய் விதைத்தோம். மறுநாள் சாயங்காலம் அடித்துப் பெய்தது. அப்புறம் ஐந்து நாள் நல்ல வெயில். மண் இறுகிப் பொருக்குத் தட்டிவிட்டது. நடந்தால் அப்பளம் போல நொறுங்கியது. தட்டை எடுத்துப் பார்த்தால் அடியில் முளை தலை முட்டி, கழுத்து வளைந்து, வெளுத்துப்போய்க் கிடந்தது. ஒன்றரை ஏக்கர் விதை. மாமியார் ஒன்றும் திட்டவில்லை. ஒரு தட்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "மண்ணுக்குக் கட்டி வேணும்மா. கட்டிதான் மழையை வாங்கும்" என்றார்.

அவர் சொன்னதுதான் சரி. நெல்லிக்காய், கொட்டைப்பாக்கு அளவுக் கட்டிகள் மேலே இருந்தால் மழைத்துளி அதில் மோதிச் சிதறி இடுக்கு வழியாக இறங்கும். மாவாக்கிவிட்டால் நுண்ணிய களி கரைந்து துளைகளை அடைத்துவிடும். வெயில் பட்டதும் இரும்பும் களியும் சேர்ந்து சிமென்ட் போலக் கெட்டிப்படும். கரிமச்சத்து குறைந்த செம்மண்ணில் இது இன்னும் மோசம். அதனால் மேட்டுச் செம்மண்ணில் விதைப்பு உழவுக்குக் கொத்துக் கலப்பை (கல்டிவேட்டர்) போதும். ரோட்டவேட்டரை வருடத்துக்கு ஒருமுறை பசுந்தாள் உரச் செடியை மண்ணில் மடக்கி உழுவதற்கு மட்டும் கூப்பிடுங்கள். ஏற்கெனவே பொருக்குத் தட்டியிருந்தால், முளை வருவதற்கு முன், மூன்றாம் நாள் நான்காம் நாளில், மேலே லேசாக ஈரம் இருக்கும்போதே வேலமுள்ளைக் கட்டி மெதுவாக இழுத்துவிடுங்கள். தட்டு உடைந்துவிடும், முளை ஒடியாது. வருடா வருடம் இதே தொல்லை என்றால் வேளாண் பல்கலைக்கழகம் சொல்வது ஹெக்டேருக்கு 2 டன் சுண்ணாம்பு அல்லது ஜிப்சம், கூடவே 10 டன் தொழுவுரம் அல்லது 12.5 டன் மக்கிய தென்னை நார்க்கழிவு. அமிலத் தன்மை உள்ள மண்ணுக்குச் சுண்ணாம்பு, இல்லையென்றால் ஜிப்சம்.

உழவுக்குப் பதம் பார்க்க ஒரு பிடி மண்ணை எடுத்து இறுக்கிப் பிடியுங்கள். உருண்டையாக நின்று, இடுப்பு உயரத்திலிருந்து போட்டால் நான்கைந்து துண்டாக உடைய வேண்டும். போட்டது சப்பென்று ஒட்டிக்கொண்டால் ஒரு நாள் பொறுங்கள். உருண்டையே நிற்காவிட்டால் நாள் தாண்டிவிட்டது, அடுத்த மழைக்குக் காத்திருக்க வேண்டியதுதான். கரிசலில் மழைக்குப் பின் ஒரு வாரம் அவகாசம் கிடைக்கும் என்பார்கள். எங்களுக்கு இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று நாள். அதனால் விதை, கலப்பை, ஆள் எல்லாம் மழைக்கு முன்பே தயாராக இருக்க வேண்டும்.

"அகல உழுவதை விட ஆழ உழு" என்று பெரியவர்கள் சொன்னதை இங்கே யோசித்துச் செய்ய வேண்டும். முக்காலடியில் சரளை உள்ள நிலத்தில் மண்ணைப் புரட்டிப் போடும் சட்டிக் கலப்பையை ஆழமாகப் போட்டால் கல்லும் சத்தில்லாத அடிமண்ணும் மேலே வந்து, நல்ல மண் கீழே போய்விடும். எங்கள் பக்கத்துக் கொல்லை அப்படித்தான் ஆனது, அதற்குப் பின் மூன்று வருடம் அங்கே சாமைகூட முழங்கால் உயரம் வரவில்லை. ஆழம் வேண்டும், ஆனால் மண் புரளக் கூடாது. அதற்குத்தான் மண்ணைப் புரட்டாமல் ஆழமாகக் கீறும் உளிக் கலப்பை.

உங்களுக்கு உளிக் கலப்பை தேவையா என்று தெரிந்துகொள்ள, நல்ல மழைக்கு மறுநாள் ஒரு இரும்புக் கம்பியைக் கையால் அழுத்திக் குத்திப் பாருங்கள். அரையடி, முக்காலடிக்குள் எங்கு குத்தினாலும் ஒரே ஆழத்தில் நின்றால் அடியில் கடினத்தட்டு இருக்கிறது. வருடா வருடம் ஒரே ஆழத்தில் உழுவதாலும், டிராக்டர் எடையாலும், கீழே இறங்கும் களியாலும் அது உண்டாகிறது. வேர் அதில் முட்டிப் பக்கவாட்டில் ஓடும். உளிக் கலப்பையை அரை மீட்டர் இடைவெளியில் நெடுக்காக ஒருமுறை, குறுக்காக ஒருமுறை ஓட்ட வேண்டும். மண் காய்ந்திருக்கும் பங்குனி, சித்திரைதான் அதற்கு நேரம். ஈரத்தில் ஓட்டினால் தட்டு நொறுங்காது, வெண்ணெயில் கத்தி விட்டது போலக் கீறல் மட்டும் விழும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை போதும். வேளாண்மைப் பொறியியல் துறையில் வாடகைக்குக் கிடைக்கும். நாங்கள் முதன்முதலில் ஓட்டிய வருடம் ஆவணியில் பத்துப் பன்னிரண்டு நாள் மழை இல்லை. உளி போட்ட பாதியில் கல்லக்காய் மதிய வெயிலிலும் இலை மடங்காமல் நின்றது. போடாத பாதி பத்து மணிக்கே வாடியது. ஒரே நாளில் விதைத்த ஒரே விதை.

கோடை மழை விழுந்ததும் சரிவுக்குக் குறுக்கே ஒரு உழவு கட்டாயம் ஓட்டுங்கள். சரிவோடு ஓட்டினால் ஒவ்வொரு சாலும் ஒரு வாய்க்கால், மேல்மண் பக்கத்துக் கொல்லைக்குப் போய்விடும். கோடை உழவில் இன்னொரு லாபமும் உண்டு. கடலையைத் தின்னும் சிவப்புக் கம்பளிப்புழுவின் கூட்டுப்புழுக்கள் மண்ணுக்குள் தூங்கிக்கொண்டிருக்கும். உழுதால் மேலே வந்து வெயிலில் சாகும், கொக்கும் மைனாவும் பொறுக்கித் தின்னும்.

எருவும் ஈரமும்

செம்மண்ணுக்குச் சத்தைப் பிடித்து வைக்கும் சக்தி குறைவு. மொத்தமாகக் கொட்டுவது மழையோடு இறங்கிப் போகும். யூரியாவை இரண்டு மூன்றாகப் பிரித்துத்தான் கொடுக்க வேண்டும். மணிச்சத்து வேறு மாதிரி: அது கரைந்து ஓடாது, மண்ணிலுள்ள இரும்பு அதைப் பிடித்து வைத்துக்கொண்டு வேருக்குத் தராது. இதற்கு ஊட்டமேற்றிய தொழுவுரம் நல்ல வழி. ஏக்கருக்கு 300 கிலோ நன்றாக மக்கிய எருவில், பயிருக்கு வேண்டிய சூப்பர் பாஸ்பேட் முழுவதையும் கலந்து, ஈரமாக்கி, நிழலில் குவித்து மண் பூசி ஒரு மாதம் மூடி வையுங்கள். விதைப்பின்போது சாலில் போடுங்கள். எரு சுற்றியிருப்பதால் இரும்பிடம் சிக்காமல் வேருக்குக் கிடைக்கும். தனியாக உரம் தூவிய வருடங்களை விட இதில் எங்களுக்குக் கிளைப்பு நன்றாக இருக்கிறது.

இது போக அடியுரமாக ஏக்கருக்கு 5 டன் தொழுவுரம். அவ்வளவு எரு எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள், நியாயம்தான். எங்களிடம் இரண்டு மாடுதான். அதனால் நான்கு ஏக்கருக்கும் கொஞ்சம் கொஞ்சம் தூவாமல், வருடத்துக்கு ஒரு ஏக்கர் என்று முறை வைத்து முழுமையாகப் போடுகிறோம். மீதியில் இரவில் ஆடுகளை அடைத்து வைக்கும் ஆட்டுப்பட்டி போடச் சொல்கிறோம். எருவைக் கொல்லையில் குவித்து வாரக்கணக்கில் வெயிலில் விடாதீர்கள். கொட்டிய அன்றே கலைத்து உழுதுவிடுங்கள். ஏரி வண்டல் கிடைத்தால் விடாதீர்கள், வட்டாட்சியரிடம் அனுமதி வாங்கி அடிக்கலாம். மணல் மிகுந்த மேட்டுக்கு அந்தக் களி அருமருந்து. கிணறு இல்லாதவர்களுக்குக் கொளுஞ்சி என்ற பசுந்தாள் உரச் செடியைச் சொல்வேன். ஆடு மாடு கடிக்காது, வறட்சி தாங்கும், ஒருமுறை விதைத்தால் அடுத்த வருடம் தானாக முளைக்கும். விதைத்தோல் கெட்டி என்பதால் மணலோடு சேர்த்து உரலில் லேசாகத் தேய்த்து விதையுங்கள்.

எங்கள் மாவட்டத்தில் வருடத்துக்கு ஏறக்குறைய 850 மி.மீ. மழை. அது போதாத மழை இல்லை. சில பெரிய மழையாக வந்து, நிறைய ஓடிவிடுவதுதான் சிக்கல். சரிவுக்குக் குறுக்கே வரப்பு போட்டு, வரப்பின் மேல் கொழுக்கட்டைப் புல்லோ வெட்டிவேரோ வையுங்கள். கரை நிற்கும், மாட்டுக்கும் ஆகும். பயிருக்குள் பத்தடிக்கு ஒரு ஆழச் சால் விடுங்கள். மழை பெய்த மறுநாள் கம்பியை எடுத்துக்கொண்டு போய்க் குத்திப் பாருங்கள். மேலீரம் அடியீரத்தோடு சேர்ந்துவிட்டால் விதைக்கலாம். நடுவே காய்ந்த மண் தட்டினால் பொறுங்கள். அவசரப்பட்டு விதைத்தால் முளைத்த பின் வேர் அந்தக் காய்ந்த மண்ணில் நின்றுவிடும்.

என்ன விதைப்பது

ஆடிப்பட்டத்துக்குக் கல்லக்காய். இந்த மண்ணுக்கென்றே பிறந்த பயிர் அது. பூவிலிருந்து மண்ணுக்குள் இறங்கிக் காயாகும் விழுது பொலபொல மண்ணில் எளிதாக இறங்கும், பிடுங்கும்போது காய் அடியில் தங்காது. வரிசைக்கு வரிசை ஒரு அடி, செடிக்குச் செடி நான்கு விரற்கடை. விதையை, அழுகல் நோயைத் தடுக்கும் டிரைக்கோடெர்மா பூஞ்சைப் பொடி கிலோவுக்கு 4 கிராம் கலந்து, மறுநாள் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தரும் ரைசோபியம் நுண்ணுயிர் உரம் தடவி விதையுங்கள். ஆறு வரிசைக்கு ஒரு வரிசை துவரை, ஓரத்தில் ஆமணக்கும் தட்டப்பயறும். கம்பளிப்புழு முதலில் அவற்றுக்குத்தான் போகும், அங்கேயே பொறுக்கிவிடலாம். நாற்பது நாற்பத்தைந்தாம் நாளில், மண்ணில் ஈரம் இருக்கும்போது ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் செடி ஓரம் போட்டுக் கொத்தி மண் அணையுங்கள். காய்க்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தைக் காயே நேரடியாக மண்ணிலிருந்து எடுக்கிறது, அதனால் காய் இறங்கும் இடத்தில்தான் போட வேண்டும். ஜிப்சம் போடாத ஓரத்தில் எங்களுக்குப் பருப்பில்லாத பொக்குக் காய் கைநிறைய வரும். மண் அணைத்த பிறகு களைக்கொத்தை உள்ளே விடவே கூடாது, விழுது அறுந்துவிடும்.

கேழ்வரகுக்கு நாற்று விட்டு நடுவதே நல்லது. சிறு விதை பொருக்கை உடைத்து வராது. ஊடே அவரை போட்டால் கார்த்திகைக்கு மேல் பனியில் காய்க்கும். ரகத்துக்குப் பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையத்தில் கேளுங்கள். கேழ்வரகு, சாமை, கொள்ளு மூன்றிலும் அவர்கள் எங்கள் மேட்டுக்கென்று ரகம் விட்டிருக்கிறார்கள். சாமை மேட்டுச் சரளைக்கு. கொள்ளு புரட்டாசி, ஐப்பசி ஈரத்தில் விதைத்துவிட்டு மறந்துவிடலாம், பனியே வளர்க்கும்.

மாமரத்துக்கு மூன்றடிக் குழி, முப்பது அடி இடைவெளி. மேல்மண்ணைத் தனியாக, அடிமண்ணைத் தனியாகக் குவித்து, மூடும்போது மேல்மண்ணோடு எரு கலந்து முதலில் போடுங்கள். தக்காளி, காய்கறிக்கு இந்த மண் அருமை, ஆனால் கிணறு வேண்டும், சொட்டுநீர் வேண்டும். ஒருநாள் பாய்ச்சி ஒரு வாரம் விடும் பழக்கம் இங்கே ஆகாது. கொஞ்சமாக, அடிக்கடி கொடுக்க வேண்டும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை முதலில் பரிசோதித்துக்கொள்ளுங்கள், உப்பு அதிகமென்றால் நான்கைந்து வருடத்தில் மண் இறுகிவிடும்.

கையில் காசு குறைவாக இருக்கிறது, எல்லாவற்றையும் ஒரே வருடத்தில் செய்ய முடியாது என்றால் முதல் வருடம் வரப்புக்குச் செலவு செய்யுங்கள். இரண்டாம் வருடம் உளிக் கலப்பையும் ஒரு ஏக்கருக்கு எருவும். போர் போடும் யோசனையை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். வரப்பு போட்ட அடுத்த ஐப்பசியிலேயே எங்கள் கிணற்றில் இரண்டு முழம் தண்ணீர் கூடுதலாக நின்றது.